துக்கத் துணியில் தொடங்கி ஆர்ட் சில்க் வரை: கோர்ட்டோல்ட் குடும்பத்தின் கதை

புடவைக் கடைகளில் 'ஆர்ட் சில்க்' என்று சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்து, ஏதோ கலைநயத்தோடு நெய்த பட்டு போலிருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆர்ட் என்றால் கலைதானே. கடைசியில் பார்த்தால் அது ஆர்ட்டிஃபிஷியல் என்ற சொல்லின் வாலை நறுக்கியது. செயற்கைப் பட்டு, அவ்வளவுதான். அந்தச் செயற்கைப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோய்க் கோடிக்கணக்கில் சம்பாதித்தது ஒரு ரசாயனக் கம்பெனியாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். இல்லை. தலைமுறை தலைமுறையாக அசல் பட்டையே தொழிலாக வைத்திருந்த ஓர் ஆங்கிலேயக் குடும்பம் அது. பெயர் கோர்ட்டோல்ட்.

பரம்பரைத் தொழில் என்றதும் நமக்குத் தாத்தா காலத்துத் தறி, கைவிடாத கைப்பக்குவம், அதே ஊர், அதே கடை என்று ஒரு படம் மனதில் ஓடும். இந்தக் குடும்பத்தின் கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்கிறது. அவர்களுக்குப் பட்டு மேல் பெரிய பாசம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் மற்ற பட்டு வியாபாரிகள் மூழ்கியபோது இவர்கள் மிதந்தார்கள் என்பது என் எண்ணம். முதலில் பட்டிலிருந்து பளபளப்பை உருவி எடுத்துவிட்டு மிச்சத்தை விற்றார்கள். அப்புறம் பட்டே இல்லாமல் பளபளப்பை மட்டும் விற்றார்கள். இரண்டிலும் பணம் கொட்டியது.

ஆரம்பத்தில் இவர்கள் பட்டுக்காரர்களே இல்லை. பிரான்சின் மேற்குக் கடலோரத்தில் ஒலெரோன் என்ற தீவிலிருந்து வந்த ஹியூகனோ, அதாவது புராட்டஸ்டன்ட் அகதிகள். 1685-இல் 14-ஆம் லூயி மன்னன் அவர்களுடைய வழிபாட்டு உரிமையை ரத்து செய்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார்கள். கைக்குழந்தையைக் காய்கறிக் கூடைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார்கள் என்று குடும்பத்துக்குள் ஒரு கதை உண்டு. எல்லா அகதிக் குடும்பத்திலும் இப்படி ஒரு கூடைக் கதை இருக்கும், எனவே அதை அப்படியே விட்டுவிடலாம். லண்டனில் மூன்று தலைமுறை வெள்ளிப் பாத்திர வேலை பார்த்தார்கள். பட்டு உள்ளே வந்தது பெண் வழியாக. லூயிசா கோர்ட்டோல்ட் ஒரு பட்டு நெசவாளரின் மகள். கணவர் 1765-இல் இறந்த பிறகு வெள்ளிப் பட்டறையைத் தானே நடத்தினார். அவருடைய முத்திரை குத்திய பாத்திரங்கள் இன்றைக்கும் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. அவர் மகன் ஜார்ஜை 1775-இல் லண்டனின் பட்டுப் பேட்டையான ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நூல் முறுக்குபவர் ஒருவரிடம் தொழில் பழக விட்டார்கள். குடும்பத்தில் பட்டு தொட்ட முதல் கை அதுதான்.

முறுக்கு என்றால் என்ன என்று இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பின்னால் வரும் முழுக் கதையும் அதில்தான் நிற்கிறது. கூட்டிலிருந்து இழுத்த கச்சாப் பட்டு இழை அப்படியே தறிக்குப் போகாது. சில இழைகளைச் சேர்த்து முறுக்கேற்ற வேண்டும். லேசாக முறுக்கினால் ஊடைக்கு, அதாவது தறியில் குறுக்கே ஓடும் இழைக்கு; இன்னும் இறுக்கினால் பாவுக்கு, நெடுக்கே ஓடும் இழைக்கு. பட்டுப்புழு இழையோடு சேர்த்து ஒரு பசையையும் விடுகிறது. சோப்புத் தண்ணீரில் வேகவைத்து அந்தப் பசையை எடுத்த பிறகுதான் நாம் பட்டு என்று சொல்லும் மினுக்கமும் வழவழப்பும் வரும். பசை போகாத பட்டு விறைப்பாக, மங்கலாக, கிட்டத்தட்ட மீன்பிடி நரம்பு மாதிரி இருக்கும்.

ஜார்ஜ் நல்ல மனிதர், ஆனால் வியாபாரி இல்லை. குடியரசுக் கொள்கை, யூனிடேரியன் என்ற மாற்றுக் கிறிஸ்தவப் பிரிவின் நம்பிக்கை, அமெரிக்காவில் ஒரு லட்சியக் குடியிருப்பு என்று மனது எங்கெங்கோ அலைந்துகொண்டிருந்தது. இடையில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் முறுக்காலைகளை நடத்தினார். ஏன் எஸ்ஸெக்ஸ்? லண்டனில் பட்டு நெசவாளர் கூலியை அரசாங்கமே நிர்ணயிக்கும் சட்டம் 1773 முதல் இருந்தது. அந்தச் சட்டம் செல்லாத கிராமப்புறத்தில், கம்பளி நெசவு நொடித்துப்போய் வேலையில்லாமல் கிடந்த ஊர்களில் ஆள்கூலி மலிவு. பிரெயின்ட்ரீ ஆலைக்கு லண்டனில் ஏழைகளை வைத்திருந்த விடுதிகளிலிருந்து பத்துப் பதின்மூன்று வயதுச் சிறுமிகளைக் கொண்டுவந்தார்கள், 21 வயது வரை வேலை செய்யவேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு. சிறுமியை ஏற்றுக்கொள்வதற்கு விடுதி நிர்வாகம்தான் முதலாளிக்கு ஆளுக்கு 5 பவுண்ட் கொடுத்தது. சமத்துவம் பேசிய மனிதர் நடத்திய ஆலை இது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் 1820-இல் மறுபடி அமெரிக்கா போய், ஓஹையோவில் நிலம் வாங்கிக் கஷ்டப்பட்டு, 1823-இல் பிட்ஸ்பர்கில் இறந்துபோனார்.

மகன் சாமுவேல் வேறு ரகம். 1793-இல் பிறந்தவர், 1816-இல், 23 வயதில், பாக்கிங் கிராமத்தில் தனியாக ஒரு முறுக்காலை தொடங்கினார். தம்பியும் உறவுக்காரர்களும் பிறகு சேர்ந்தார்கள். 1825-இல் ஹால்ஸ்டெட்டில் கோல்ன் ஆற்றின் மேலேயே பாலம் மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய மாவு மில்லை வாங்கினார்கள். வெள்ளைப் பலகை அடித்த மூன்று மாடிக் கட்டடம். கீழே ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றும், மேலே தறி ஓடும். தண்ணீர் போதாமல் போனபோது நீராவி எஞ்சின் வந்தது.

அப்போது பட்டுக்கு விசைத்தறி ஒத்துவராது என்பதுதான் பொதுவான அபிப்பிராயம். நல்ல பட்டுக்கு அது உண்மையும்கூட, மென்மையான இழை அறுந்துகொண்டே இருக்கும். சாமுவேல் கெட்டிக்காரத்தனமாகச் செய்தது என்னவென்றால், விசைத்தறியைப் பட்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றுவதற்குப் பதிலாக, விசைத்தறிக்குத் தகுந்த பட்டுத் துணியைத் தேர்ந்தெடுத்தார். அதுதான் கிரேப். கறுப்பு துக்கத் துணி.

கிரேப்பை நெருங்கிப் பார்த்தால் இதைப் பட்டு என்று நம்புவது கஷ்டம். பசை எடுக்காத கச்சாப் பட்டை இறுக்கமாக முறுக்கி, வலைத்துணி மாதிரி இடைவெளி விட்டு நெய்வார்கள். இழை கெட்டியாக இருப்பதால் தறியில் அறுக்காது. அப்புறம் அந்தத் துணியை, கோடு செதுக்கிச் சூடேற்றிய உலோக உருளைகளுக்கு நடுவே விட்டு எடுப்பார்கள். நெளிநெளியாக ஒரு சுருக்கம் நிரந்தரமாகப் பதிந்துவிடும். கறுப்புச் சாயம், பிறகு கஞ்சி. வெளியே வருவது வெளிச்சத்தைத் திருப்பியே அனுப்பாத ஒரு கறுப்பு. தொட்டால் முரமுரவென்று இருக்கும், ஆனால் பட்டுப் புடவை நடக்கும்போது வரும் அந்தச் சரசரப்புச் சத்தம் வராது. துக்க வீட்டில் சத்தமும் மினுமினுப்பும் கூடாது, பட்டின் விலையும் கௌரவமும் மட்டும் வேண்டும். அதற்குச் சரியான துணி. சுருக்கம் போடும் முறையைக் குடும்பம் பல வருஷம் பொத்திப் பொத்திக் காப்பாற்றியது. நெசவு ஒரு ஊரில், சுருக்கமும் சாயமும் வேறு ஊரில், அந்தக் கட்டடத்துக்குள் வெளியாள் நுழைய முடியாது.

விக்டோரியா கால இங்கிலாந்தில் கணவன் இறந்தால் விதவை முதல் ஒரு வருஷமும் ஒரு நாளும் உடம்பு முழுக்க கிரேப் வைத்துத் தைத்த உடையில்தான் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மொத்தம் இரண்டு, இரண்டரை வருஷம். அப்பா அம்மாவுக்கு ஒரு கணக்கு, மாமனாருக்கு ஒரு கணக்கு, சித்தப்பாவுக்கு ஒரு கணக்கு. ஒரு துக்கம் முடிவதற்குள் இன்னொரு சாவு விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. பழைய துணியை எடுத்து வைத்து அடுத்த சாவுக்குப் போட்டுக்கொள்ளலாமே என்றால், வீட்டில் துக்கத் துணி வைத்திருப்பது ஆகாது என்று ஒரு நம்பிக்கை. வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? இத்தனைக்கும் கிரேப் நல்ல துணியே இல்லை. மழைத்துளி பட்டால் புள்ளி விழும், சுருங்கும், சாயம் கழுத்திலும் முகத்திலும் இறங்கும். முகத்திரையாகப் போட்டால் மூச்சு முட்டும். 1861 டிசம்பரில் ஆல்பர்ட் இளவரசர் இறந்து, ராணி விக்டோரியா தான் சாகும் வரை நாற்பது வருஷம் கறுப்பிலேயே இருந்ததும், நடுத்தரக் குடும்பத்துப் பெண்களுக்கு வேறு வழியே இல்லாமல் போயிற்று.

இந்த லாபம் எங்கே போயிற்று என்பதற்கு ஹால்ஸ்டெட் ஆலையின் 1860-ஆம் வருஷக் கூலிப் பட்டியல் ஒன்று போதும். ஆண்கள் 114 பேர், பெண்கள் 899 பேர். மேலாளருக்கு வருஷத்துக்கு 1,000 பவுண்ட், அது போக லாபத்தில் 3 சதவீதம். விசைத்தறி ஓட்டிய 589 பெண்களுக்கு வாரத்துக்கு 5 முதல் 8 ஷில்லிங். நூல் சுற்றிய 188 பெண்களுக்கு 2 முதல் 4 ஷில்லிங். மேற்பார்வை பார்த்த ஆண் 15 முதல் 32 ஷில்லிங் வரை வாங்கினார், துணை மேற்பார்வை பார்த்த பெண் 9, 10 ஷில்லிங்கோடு சரி. 20 ஷில்லிங் ஒரு பவுண்ட்; 5 ஷில்லிங் வாங்குபவள் இடைவிடாமல் 52 வாரம் வேலை பார்த்தால் 13 பவுண்ட். மேலாளரின் சம்பளத்தைத் தொட அவளுக்கு 77 வருஷம் ஆகும்.

இதே சாமுவேல்தான் அரசியலில் தீவிரச் சீர்திருத்தவாதி. ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேராதவர்களும் அதன் கோயில் பராமரிப்புக்கு வரி கட்டியாக வேண்டும் என்ற பழைய முறையை எதிர்த்து பிரெயின்ட்ரீயில் 1830களில் கிளம்பிய சண்டையை முன்னின்று நடத்தினார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1853-இல் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. நாடு முழுக்க அந்தக் கட்டாய வரி 1868-இல் ஒழிந்ததற்கு இந்த வழக்கு ஒரு காரணம். ஊருக்குப் பள்ளிக்கூடம், குழந்தைக் காப்பகம், தொழிலாளர் குடியிருப்பு எல்லாம் கட்டினார்கள். கூலியை மட்டும் ஏற்றவில்லை. இதை வெறும் இரட்டை வேடம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. மனசாட்சி சுதந்திரத்துக்கும் சந்தைக் கூலிக்கும் சம்பந்தமில்லை என்று அந்தக் காலத்து ஆலை முதலாளிகள் நிஜமாகவே நம்பினார்கள்.

1860-இல் இங்கிலாந்தும் பிரான்சும் வர்த்தக ஒப்பந்தம் போட்டு, பிரெஞ்சுப் பட்டு தீர்வை இல்லாமல் உள்ளே வரத் தொடங்கியது. அத்தோடு இங்கிலாந்துப் பட்டுத் தொழில் படுத்துவிட்டது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் காலியாயிற்று, மக்கில்ஸ்ஃபீல்ட் தேய்ந்தது, பட்டு ரிப்பன் நெய்தே பிழைத்த கவென்ட்ரியில் மக்கள் பட்டினி கிடந்து ஊரை விட்டுப் போனார்கள். பிரான்சின் லியோன் நகரத்து நெசவோடு அழகில் போட்டி போட்டவர்கள் எல்லாரும் தோற்றார்கள். அழகே இல்லாத துணி நெய்த கோர்ட்டோல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் ஒரே சரக்கை நம்பிய வியாபாரம் என்றைக்காவது கழுத்தைப் பிடிக்கும். 1880களின் நடுவிலிருந்து துக்க உடை வழக்கம் தளர ஆரம்பித்தது. சாமுவேல் 1881-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த தலைமுறைக்கு ஆலையைவிடப் பண்ணை வீடும் வேட்டையும் பொதுவாழ்வும்தான் பிடித்திருந்தன. லாபம் சரிந்தது. 1891-இல் கூட்டு வியாபாரத்தைக் கம்பெனியாகப் பதிவு செய்தார்கள், 1893-இல் வெளியிலிருந்து ஹென்றி டெட்லி என்ற யார்க்ஷயர்க்காரரைக் கொண்டுவந்தார்கள். முரட்டு ஆள், தொழில் தெரிந்தவர். கூடவே விற்பனைக்கு டாம் லேதம். கறுப்பு கிரேப்பை மட்டும் பிடித்துத் தொங்காமல் நிறத் துணிகளுக்கு மாற்றினார்கள். என்னைக் கேட்டால், இந்தக் குடும்பம் எடுத்த மிகச் சரியான முடிவு தன் பிள்ளைகளை நம்பாமல் சம்பளத்துக்கு ஆள் வைத்ததுதான்.

டெட்லி கண்ணில் பட்டது விஸ்கோஸ். மரக்கூழிலிருந்து இழை எடுக்கும் இந்த முறையை சார்லஸ் கிராஸ், எட்வர்ட் பெவன், கிளேட்டன் பீடில் என்ற மூன்று ஆங்கிலேய வேதியியலாளர்கள் 1892-இல் காப்புரிமை செய்திருந்தார்கள். அதற்கு முன்னால் பிரான்சில் ஷார்தொனே ஒரு செயற்கைப் பட்டு செய்திருந்தார், ஆனால் அது வெடிமருந்துப் பஞ்சின் தம்பி, நெருப்பு பட்டால் குபீரென்று பிடித்துக்கொள்ளும். விஸ்கோஸில் அந்த ஆபத்து இல்லை. மரக்கூழ் அட்டைகளை காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துப் பிழிந்து, உதிர்த்து, கார்பன் டைசல்பைடு சேர்த்தால் ஆரஞ்சு நிறத் துருவலாக மாறும். அதை மறுபடி காஸ்டிக் சோடாவில் கரைத்தால் தேன் மாதிரி கெட்டியான திரவம். கொஞ்ச நாள் வைத்துப் பதம் வந்ததும், ஊசிமுனைத் துளைகள் வழியாக அமிலத் தொட்டிக்குள் பீச்சினால் துளைக்கு ஒரு இழை. புழு வாயில் நடப்பதைத் தொட்டியில் செய்கிறார்கள், அவ்வளவுதான் தத்துவம். முறுக்கு? அதற்கு சார்லஸ் டோஃபம் 1900-இல் ஒரு வழி கண்டுபிடித்தார். வேகமாகச் சுழலும் டப்பாவுக்குள் ஈர இழையை விட்டால் அது சுவரில் ஒட்டி வட்டமாகச் சேரும், சேரும்போதே முறுக்கும் ஏறிவிடும். முறுக்கையே பரம்பரைத் தொழிலாக வைத்திருந்த குடும்பம், அதை ஒரு டப்பா செய்யும் காலம் வந்ததும் சந்தோஷமாக டப்பாவை வாங்கிக்கொண்டது.

வாங்குவதற்குப் பணம் வேண்டுமே. 1904-இல் கம்பெனியின் பங்குகளை வெளியாருக்கு விற்றார்கள். குடும்பச் சொத்தாக மட்டும் இருந்த காலம் அதோடு முடிந்தது. அதே வருஷம் பிரிட்டனில் விஸ்கோஸ் இழை செய்யும் உரிமையை 25,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். இழை அறுந்தது, நிறம் சீராக ஏறவில்லை, முதல் சில வருஷம் பாதிச் சரக்கு குப்பை. ஆனால் இந்த இழையை நெய்து பார்க்கப் பக்கத்திலேயே பட்டுத் தறியும் முறுக்காலையும் அனுபவமுள்ள பெண்களும் இருந்தார்கள். வேதியியல் மட்டும் தெரிந்த மற்ற கம்பெனிகளுக்கு அது வாய்க்கவில்லை. 1905-இல் புது ஆலை வைத்த ஊர் எது தெரியுமா? கவென்ட்ரி. ரிப்பன் தொழில் செத்து நாற்பத்தைந்து வருஷம் கழித்து அதே ஊருக்குப் பட்டு திரும்ப வந்தது, மரத்திலிருந்து.

அடுத்து அமெரிக்கா. அங்கே காப்புரிமையை வாங்கி, பென்சில்வேனியாவில் மார்க்கஸ் ஹுக் என்ற இடத்தில் 1910-இல் ஆலை ஆரம்பித்தார்கள். சுங்கவரிச் சுவர் ஒரு பக்கம், காப்புரிமை மறுபக்கம், நடுவில் போட்டியே இல்லாத சந்தை. முதல் உலகப் போர் முடிந்து பெண்களின் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியதும் காலுறை வெளியே தெரிந்தது, பட்டுக் காலுறை வாங்க முடியாதவர்கள் எல்லாரும் செயற்கைப் பட்டுக்கு வந்தார்கள். சாவு வீட்டை நம்பியிருந்த கம்பெனி இப்போது நடனக் கூடத்தை நம்பியது. 1924-இல் அமெரிக்கத் துணிவியாபாரிகள் 'ரேயான்' என்ற பெயரை வைத்தார்கள். 'செயற்கை' என்று சொல்லி விற்பது கஷ்டம் பாருங்கள்.

கார்பன் டைசல்பைடு ஆவி நரம்பைத் தின்னும், மூளையைக் கலக்கும். உலகத்தில் விஸ்கோஸ் ஆலை இருந்த இடத்தில் எல்லாம் தொழிலாளர்கள் இந்த விலையைக் கொடுத்தார்கள். நமக்கும் இது தூரத்து விஷயமில்லை. மேட்டுப்பாளையம் பக்கம் சிறுமுகையில் பவானிக் கரையில் ஒரு விஸ்கோஸ் ஆலை பல வருஷம் ஓடியது, கோர்ட்டோல்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, செய்முறைதான் அதே வழி. ஆற்றில் கழிவு கலப்பதை எதிர்த்து விவசாயிகள் போராடிய கதை அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆலை மூடிவிட்டது. சிறுமுகை என்றால் இன்று புடவை வாங்குபவர்களுக்கு நினைவு வருவது கைத்தறி மென்பட்டு.

டெட்லி 1921-இல் இறந்ததும் மறுபடி ஒரு கோர்ட்டோல்ட் தலைவரானார், அவர் பெயரும் சாமுவேல். பழைய சாமுவேலின் தம்பி வழி வந்தவர். ரேயான் பணத்தில் பிரெஞ்சு ஓவியங்களை வாங்கித் தள்ளினார்: செசான், ரென்வார், காதில் கட்டுப்போட்ட வான்கோ, மானே வரைந்த மதுக்கூடப் பெண். 1923-இல் நாட்டுக்காகப் படம் வாங்க 50,000 பவுண்ட் தனியாகக் கொடுத்தார். 1932-இல் லண்டனில் தொடங்கிய கலை வரலாற்று நிறுவனத்துக்குக் குடும்பப் பெயரே நிலைத்தது. இன்று கோர்ட்டோல்ட் என்று கூகுளில் தேடினால் முதலில் வருவது படங்கள்தான், துணி இல்லை. என் ஆர்ட் சில்க் குழப்பம் அப்படியொன்றும் முட்டாள்தனம் இல்லை போலிருக்கிறது.

1941 மார்ச்சில் அமெரிக்கக் கிளை கையைவிட்டுப் போனது. ஹிட்லரோடு தனியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பிரிட்டனுக்குக் கடனாக ஆயுதம் கொடுக்கும் மசோதா வாஷிங்டனில் நிறைவேறும் நேரம்; முதலில் உங்கள் சொத்தை விற்றுக் காட்டுங்கள் என்று அமெரிக்கா நெருக்கியது. ஏழு ஆலைகள், சுமார் 18,000 தொழிலாளர்கள் கொண்ட அமெரிக்கன் விஸ்கோஸ் சில நாட்களில் கைமாறியது. பிரிட்டனுக்குக் கிடைத்தது சுமார் 5.4 கோடி டாலர். அதன் மதிப்பு அதைவிடப் பல மடங்கு என்று கம்பெனி வருஷக்கணக்கில் புலம்பியது. பிறகு பிரிட்டிஷ் அரசாங்கமே நஷ்டஈடு கொடுத்தது.

மீதிக் கதை சீக்கிரம் சொல்லிவிடலாம். நைலானும் பாலியெஸ்டரும் வந்தன, 1961-62-இல் ஐ.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் ரசாயனக் கம்பெனி விழுங்கப் பார்த்துத் தோற்றது, கம்பெனி லங்காஷயர் நூற்பாலைகளை எல்லாம் வாங்கிப் பெரிதாகி அந்தப் பாரத்திலேயே தடுமாறியது. 1990-இல் துணியையும் ரசாயனத்தையும் இரண்டாகப் பிரித்தார்கள். ரசாயனப் பாதி 1998-இல் ஆக்சோ நோபல் என்ற டச்சுக் கம்பெனிக்கும், துணிப் பாதி 2000-இல் சாரா லீ என்ற அமெரிக்கக் கம்பெனிக்கும் போனது. போவதற்கு முன் அவர்கள் ஆய்வுக்கூடம் கடைசியாக ஒரு மரக்கூழ் இழையைக் கண்டுபிடித்திருந்தது, கார்பன் டைசல்பைடு தேவைப்படாதது. படுக்கை விரிப்புச் சீட்டில் 'டென்செல்' என்று பார்த்திருப்பீர்கள், அதுதான். இப்போது அது ஓர் ஆஸ்திரியக் கம்பெனியின் சொத்து.

ஹால்ஸ்டெட்டில் ஆற்றின் மேல் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளை ஆலையில் 1982 வரை தறி ஓடியது. அப்புறம் அங்கே பழம்பொருள் கடைகள் வந்தன. சில மைல் வடக்கே போனால் சட்பரி என்ற ஊர். அங்கே லண்டனிலிருந்து அதே காரணத்துக்காக, அதே மலிவுக் கூலியைத் தேடி வந்து, விஸ்கோஸ் பக்கம் தலைவைக்காமல் பட்டையே நெய்துகொண்டிருந்த சிறிய ஆலைகள் உண்டு. கழுத்துப்பட்டைக்கும் கல்யாண உடைக்கும் அரண்மனைத் திரைச்சீலைக்கும் அங்கே இன்னமும் பட்டு நெய்கிறார்கள்.